கடைசிக் கட்டத்தையும் படியுங்கள்!



இங்கிலாந்தில் முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்யும் நம் வாசகி ஒருவரிடமிருந்து எட்டுப் பக்கக் கடிதம் வந்திருக்கிறது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயம் அப்படிப்பட்டது. ஆனால் இந்தப் பகுதியைப் படிக்கிற பல பேருக்கு உபயோகப்படும் என்பதால், அவர் சம்மதத்தோடு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அவர் கணவர் வெள்ளைக்காரர். மாமியாருக்கு 86 வயது. தங்கமான மனுஷி, மருமகளிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவராம். அந்த மாமியாரின் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவள், 1911-ல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுப் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள் என்றுதான் அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். நம் வாசகியின் மகள் இப்போது 5 மாதக் கர்ப்பிணி. ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டரில் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த எள்ளுப்பாட்டியின் பெயர் கிடைத்திருக்கிறது. எங்கே தெரியுமா? 1911 நவம்பர் மாதம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் ரிஜிஸ்தரில்!

பாட்டியிடம் போய்க் கேட்டால், "அதையெல்லாம் தோண்டாதே" என்று ஒரே வார்த்தை. தோட்டத்துக்குப் போய்விட்டாராம். பெண்ணோ, பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபாரத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?' என்ற கேள்விக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு, "அம்மா, இது எனக்கும் வருமா?" என்று அழுகிறாளாம். மேலே தேடலாமா, வேண்டாமா? பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? இதுதான் கடிதம்.

சகோதரி, நீங்கள் அனுப்பிய அந்தப் பக்கத்தின் நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சேர்ந்த தேதியைப் பார்த்ததுமே உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. வாஸ்தவம்தான். ஆனால் அந்த வரி அதோடு முடியவில்லையே! வலது கைப் பக்கம் இன்னும் சில கட்டங்கள் இருக்கின்றன. வெளியே போன தேதி, போன விதம். குணமாகிப் போனாள், கொஞ்சம் தேறிப் போனாள், தேறாமல் போனாள், இறந்து போனாள் என்று நாலு விதம். உங்கள் வீட்டு எள்ளுப்பாட்டியின் பெயருக்கு நேரே 1912 ஜூன் மாதத் தேதி போட்டு, 'குணம்' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறது. ஏழே மாதம். பிரசவத்தில் சாகவும் இல்லை. சாகிற வரை அங்கேயே கிடக்கவும் இல்லை. நடந்து வெளியே வந்திருக்கிறாள்!

இந்த ரிஜிஸ்தர் என்ன என்று மற்ற சகோதரிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1845-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு ஜில்லாவும் ஏழை மனநோயாளிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டியே ஆக வேண்டும். கட்டினார்கள். நெடுஞ்சுவரும் தோட்டமும் பண்ணையும் சலவைக்கூடமும் சர்ச்சுமாக ஊருக்கு வெளியே பெரிய பெரிய மாளிகைகள். 1900-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் மனநோயாளி என்று சான்று எழுதப்பட்டவர்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். இவர்களையெல்லாம் கண்காணிக்க லண்டனில் ஒரு கமிஷன். எந்த ஆஸ்பத்திரியில் யார் சேர்ந்தாலும், யார் போனாலும் அங்கே ஒரு வரி பதிவாக வேண்டும். 1846-லிருந்து எழுதிய அந்த ரிஜிஸ்தர்கள் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1912 வரையில் உள்ளவை கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டன. பெயர், ஆஸ்பத்திரி, சேர்ந்த தேதி, போன தேதி, போன விதம். அவ்வளவுதான். என்ன வியாதி என்பதுகூட இருக்காது.

அப்படியானால் வியாதி எது? பிள்ளை பிறந்த வருஷமும் சேர்த்த வருஷமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால், நம் ஊர்ப் பாட்டிகள் 'பிரசவ ஜன்னி' என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாள் ஆங்கில டாக்டர்களும் இதற்கென்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை பிள்ளை பெற்ற பின் புத்தி தடுமாறி வந்தவர்கள். அதிலும் ஒரு விசேஷம்: மற்ற நோயாளிகளைவிட இவர்கள்தான் ஜாஸ்தி பேர் குணமாகி, சில மாதங்களிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். உங்கள் பக்கத்தில் உள்ள ஏழு மாதக் கணக்கு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் கேஸ் புத்தகத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது.

இப்போது பெண்ணுக்குப் பதில். அவள் ஃபாரத்தில் உண்மையை எழுதட்டும். 'என் பாட்டியின் பாட்டி, 1911, பிரசவத்துக்குப் பின், ஏழு மாதத்தில் குணம்' என்று எழுதினால் போதும். எந்த நர்ஸும் அதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள். பிரசவத்துக்குப் பிறகு வரும் கடுமையான புத்தித் தடுமாற்றம் ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாதவர்களுக்கும் வரும். தனக்கே முன்பு அப்படி வந்திருந்தால், அல்லது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் 'பைபோலார்' நோய் இருந்தால், அல்லது பெற்ற தாய்க்கோ கூடப்பிறந்த சகோதரிக்கோ இது வந்திருந்தால்தான் டாக்டர்கள் விசேஷமாகக் கவனிக்கிறார்கள். நாலு தலைமுறைக்கு முந்திய எள்ளுப்பாட்டி எவ்வளவு தூரத்து உறவு! அதற்காக ஒரு கர்ப்பிணி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட இருப்பவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இது நம் ஊர் வீடுகளுக்கும் சேர்த்துத்தான். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்துக்குள், தாய்க்கு ராத்திரி தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை, ஓயாத பேச்சு, யாரோ குழந்தையை எடுத்துப் போகப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, வீட்டு மனுஷர்களையே குழப்பமாகப் பார்ப்பது, இப்படி ஏதாவது தெரிந்தால் 'பச்சை உடம்பு, காற்றுப் பட்டுவிட்டது' என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த மணியே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய அவசரம் இது. அவளைத் தனியாகவும் விடக் கூடாது, குழந்தையோடு தனியாகவும் விடக் கூடாது. நல்ல மருந்து இருக்கிறது. குழந்தையைப் பிரிக்காமல் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு இங்கிலாந்தில் பல ஊர்களில் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் 2009-லிருந்து உண்டு. 1911-ல் அந்த எள்ளுப்பாட்டிக்குக் கிடைக்காதது அதுதான். பால் கட்டிய மார்போடு அவளைத் தனியே கூட்டிப்போய், குழந்தையை யாரோ புட்டிப்பாலில் வளர்த்திருப்பார்கள்.

சரி, மேலே தேட வேண்டுமென்றால் எங்கே போவது? ஆஸ்பத்திரியைத் தேடிப் போகாதீர்கள். அநேகமாக அது இருக்காது. 1930-ல் வந்த சட்டம் பழைய பெயர்களையே மாற்றிவிட்டது. பிறகு 1980, 1990-களில் அந்த மாளிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பல இடங்களில் இன்றைக்கு அடுக்குமாடி வீடுகளாகக்கூட ஆகிவிட்டன. காகிதங்கள் ஜில்லா ஆவணக் காப்பகங்களுக்குப் போயிருக்கின்றன. வேக்ஃபீல்டில் 1818-ல் திறந்த பெரிய ஆஸ்பத்திரியின் புத்தகங்கள் அந்த ஊர்க் காப்பகத்திலேயே இருக்கின்றன. எந்த ஆஸ்பத்திரியின் காகிதம் எங்கே என்று தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் பெயரைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பொதுவாக 100 வருஷம் ஆகாத நோயாளிக் குறிப்புகளை எல்லாருக்கும் காட்ட மாட்டார்கள். உங்களுடையது 1912-ல் முடிந்த விஷயம். புத்தகம் தப்பிப் பிழைத்திருந்தால் பார்க்கலாம். நூறு வருஷம் ஆகாதவர்கள், நோயாளி இறந்த சான்றிதழையும் தங்கள் உறவுமுறைக்கு அத்தாட்சியையும் வைத்து விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

அங்கே இரண்டு சாமான்கள் கேளுங்கள். ஒன்று, சேர்க்கைக் காகிதம். இன்னொன்று, கேஸ் புத்தகம்.

சேர்க்கைக் காகிதத்தில் டாக்டர் எழுதும் சான்று இருக்கும். அதில் சட்டமே போட்டுக் கொடுத்த இரண்டு தலைப்பு. 'நானே நேரில் கண்டவை' என்று ஒன்று. 'மற்றவர்கள் என்னிடம் சொன்னவை' என்று ஒன்று. சொன்னவர் யார், அவர் விலாசம் என்ன என்பதும் இருக்கும். இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனியே படிக்க வேண்டும், சகோதரி. மேலே உள்ளது, டாக்டர் ஒரு கால் மணி நேரம் அவளைப் பார்த்தது. கீழே உள்ளது புருஷன் சொன்னது, மாமியார் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. 'வீட்டு வேலை செய்வதில்லை, பேச்சுக் கேட்பதில்லை' என்று ஒருத்தியைப் பற்றிப் புருஷன் சொன்னதை வைத்து, அவள் எப்படிப்பட்டவள் என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? நம் வீட்டுப் பஞ்சாயத்துகளை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் சொன்னவரெல்லாம் பொல்லாதவர் என்றும் நினைக்காதீர்கள். சார்லி சாப்ளினைத் தெரியாதவர் உண்டா? அவர் தாய் ஹன்னா, மேடைப் பாடகி. குரல் போய், புருஷனும் விட்டுப் போய், தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியவள். பட்டினி வேறு. 1903 மே மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த காகிதம் இன்னும் இருக்கிறது. 'மற்றவர்கள் சொன்னவை' என்ற இடத்தில் யார் பெயர் தெரியுமா? மகன் சார்லஸ் சாப்ளின். செத்துப்போனவர்களைப் பற்றியே பேசுகிறாள், அவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பதாக நினைக்கிறாள் என்று சொன்னவன், அப்போதுதான் 14 வயது நிரம்பிய பையன். கேன் ஹில் என்ற ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பினார்கள். உலகத்தையே சிரிக்க வைத்தவர் அந்த வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு எப்படி வீடு திரும்பியிருப்பார்! 1921-ல் தாயை அமெரிக்காவுக்கு அழைத்துப்போய் நர்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டார். 1928-ல் அவள் இறக்கும் வரை அங்கேதான். ஹன்னாவைப் பெற்ற பாட்டியும் 1893-ல் இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள்தான். பாட்டி, அம்மா இருவரும் போன வழியில் பேரன் போகவில்லை; 88 வயது வரை வாழ்ந்தார். இதை உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சிரிப்பாள்.

கேஸ் புத்தகம் இதைவிடப் பெரிசு. வயசு, தொழில், எத்தனை பிள்ளை, கைக்குழந்தைக்கு எத்தனை மாதம், இது முதல் தடவையா, உடம்பில் காயம் உண்டா, எடை என்ன என்று ஆரம்பிக்கும். முதலில் வாரம் ஒரு தரம் எழுதுவார்கள். பிறகு மாதம் ஒரு தரம். நாள்பட்டவர்களுக்கு வருஷம் ஒரு வரி: 'மாறுதல் இல்லை. சலவைக்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறாள்.' இருபது வருஷமும் அதே வரி! (நன்றாக வேலை செய்கிறவளை வீட்டுக்கு அனுப்பினால் சலவை யார் செய்வது என்று எனக்கு ஒரு குறும்பான சந்தேகம் உண்டு.) பல புத்தகங்களில் நோயாளியின் போட்டோவும் ஒட்டியிருக்கும். ஸர்ரே ஜில்லா ஆஸ்பத்திரியில் ஹ்யூ டயமண்ட் என்ற டாக்டர் 1850-களிலேயே பெண் நோயாளிகளைப் போட்டோ பிடித்தவர். ஏழைக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் போட்டோவுக்கு ஏது காசு? எத்தனையோ வீட்டில் பாட்டியின் முகம் என்று இருப்பதே அந்தப் புத்தகத்தில் ஒட்டிய ஒரு படம்தான். தலை கலைந்து, முகம் வீங்கி இருக்கும். பார்ப்பதற்கு முன் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். குணமாகிப் போகும்போது எடுத்த இன்னொரு படமும் சிலருக்கு உண்டு. அதையும் கேளுங்கள்.

'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வேடிக்கை வேடிக்கையாக எழுதியிருப்பார்கள். பக்தி முற்றியது, காதல் தோல்வி, குடும்பக் கவலை, குடி, மாதவிடாய் நிற்கும் வயசு, அதிக நாள் தாய்ப்பால் கொடுத்தது! இதைப் படித்துவிட்டு, 'அடடா, காதல் தோல்வியால் பைத்தியம் பிடித்ததாம்' என்று கதை கட்டிவிடக் கூடாது. சேர்க்க வந்தவர் சொன்னதை குமாஸ்தா எழுதிக்கொண்டது அது.

உண்மையான காரணம் பல பேருக்கு உடம்பில்தான் இருந்தது. வலிப்பு நோய்க்காரர்களையும், பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும்கூட அங்கேதான் கொண்டு விட்டார்கள். 'பொதுப் பக்கவாதம்' என்று எழுதியிருந்தால், அது மேகநோய் மூளைக்கு ஏறிய நிலை. நோகுச்சி, மூர் என்ற இருவர் அந்தக் கிருமியை மூளையிலேயே கண்டுபிடித்தது 1913-ல். அதுவரை இந்த நோய் வந்த பெண்கள், பெரும்பாலும் புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்டதற்காகத் தாங்கள் கெட்ட பெயர் சுமந்தார்கள். தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, புத்தி தடுமாறி வந்த பெண்கள் உண்டு. 1891-ல் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருத்திக்கு ஏற்றினார். அவள் தேறி, மேற்கொண்டு 28 வருஷம் வாழ்ந்தாள். இன்றைக்கு நாம் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிற சின்ன மாத்திரைக்கு அதுதான் ஆரம்பம்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சமையலறை சம்பந்தப்பட்ட விஷயம். ஜார்ஜியா மாகாணத்தில் மில்லட்ஜ்வில் என்ற ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் ஏராளமானவர்களுக்குத் தோல் கறுத்து உரிந்து, பேதியாகி, புத்தி மழுங்கும் 'பெல்லாக்ரா' நோய். தொற்று வியாதி என்றார்கள். கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: தொற்று என்றால், கூடவே இருக்கிற நர்சுகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஏன் வரவில்லை? இரண்டு வார்டு நோயாளிகளுக்கு மக்காச்சோளக் கஞ்சியைக் குறைத்து, பாலும் இறைச்சியும் பயறும் சேர்த்துக் கொடுத்தார். நோய் போயிற்று! வைட்டமின் பி வகையில் சேர்ந்த நயாஸின் என்ற சத்துக் குறைவு என்று 1937-ல் தெரிந்தது. நம் தக்காணத்திலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இந்த நோய் இருப்பதை ஹைதராபாதில் டாக்டர் சி. கோபாலன் 1960-களில் ஆராய்ந்து எழுதினார். ஆக, 'பைத்தியம்' என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ பேருக்கு வேண்டியிருந்தது ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் பருப்பும்.

டாக்டர் எழுதினார், புருஷன் சொன்னார், குமாஸ்தா குறித்தார். அவள் என்ன சொன்னாள்? இதைத்தான் நான் எந்தக் கேஸ் புத்தகத்திலும் தேடச் சொல்வேன். சில சமயம் கிடைக்கும். எடின்பரோவில் மார்னிங்ஸைட் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கேஸ் காகிதங்களோடு இருக்கின்றன. தபாலில் சேர்க்கவே இல்லை. அனுப்பாமல் ஃபைலில் வைத்துவிட்டார்கள்! வீட்டில் இருந்தவர்கள், 'ஒரு வரி எழுதவில்லையே' என்று நினைத்திருப்பார்கள். அவர்களும் பதில் எழுதவில்லை என்று இவர்கள் அழுதிருப்பார்கள். உங்கள் எள்ளுப்பாட்டியின் புத்தகத்தில் நடுவே மடித்த காகிதம் ஏதாவது செருகியிருக்கிறதா என்று காப்பகத்தாரிடம் தவறாமல் கேளுங்கள்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு லொரீனா புல்வரைப் பிடிக்கும். கிழக்கு இங்கிலாந்தில் கிரேட் யார்மத் என்ற கடற்கரை ஊர்க்காரி. கல்யாணம் ஆகாதவள். 1893-ல் தாய் இறந்ததும், ஐம்பத்தைந்து வயதில், அவளை ஏழை விடுதியின் பைத்தியக்கார வார்டில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவள் கிடைத்த துணிகளை ஒட்டுப்போட்டு, கம்பளி நூலால் கடிதம் தைத்தாள்! எழுத்து எல்லாம் பெரிய எழுத்து. காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. பல அடி நீளத்துக்குக் கோபமும் குற்றச்சாட்டும் ஊர் வம்பும். பிதற்றல் என்றுதான் தோன்றும். ஆனால் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அவள் தைத்த பெயர்களைக் குடிக்கணக்கோடு ஒத்துப் பார்த்தபோது, பல பேர் அசல் மனிதர்கள், அசல் விலாசங்கள். 1912-ல் அவள் இறந்தாள். துணிகள் இப்போது நார்ஃபோக் மியூசியத்தில் இருக்கின்றன.

இனி உங்கள் மாமியார். 'தோண்டாதே' என்றவரை மீறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அது எள்ளுப்பாட்டி கதை இல்லை. தன் அம்மா தாயில்லாமல் வளர்ந்த கதை. மூடி வைத்தது வெட்கத்தினால் மட்டும் இருக்காது. கல்யாணச் சந்தையில் 'அந்த வீட்டில் பைத்தியம்' என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. அதனால் கேஸ் புத்தகத்தை வாங்கி அவர் முன்னால் போடாதீர்கள். முதலில் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டுங்கள். 'குணமாகி வெளியே வந்திருக்கிறாள்' என்ற ஒரு சேதியை மட்டும் சொல்லுங்கள். மேலே வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும். 86 வயதில் அவருக்கு அந்த உரிமை உண்டு. அதே சமயம் உங்கள் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அவள் படிக்கலாம், படித்ததைப் பாட்டி கேட்கும் வரை பேசாமல் இருக்கலாம்.

அவர் சரி என்றால் அடுத்த கேள்வி தானே வரும்: வெளியே வந்தவள் எங்கே போனாள்? 1911 ஏப்ரல் குடிக்கணக்கில் கல்யாணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை பறிகொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். பிறகு 1921 ஜூன் 19 அன்று எடுத்த குடிக்கணக்கு. அது 2022-லிருந்து பார்வைக்குக் கிடைக்கிறது. அதன் பின் 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவு. புருஷனோடு திரும்ப வாழ்ந்தாளா, பிறந்த வீட்டுக்குப் போனாளா, வேறு ஊரில் வேலைக்குப் போனாளா என்று பின்னால் சொன்ன இரண்டில் ஒன்று சொல்லும்.

எல்லா நாட்டிலும் இவ்வளவு சுலபம் இல்லை. நியூயார்க் மாகாணத்தில் வில்லர்ட் என்ற ஆஸ்பத்திரி 1995-ல் மூடப்பட்டபோது, பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் அகப்பட்டன. நோயாளிகள் சேர வந்த அன்று கையில் கொண்டுவந்த பெட்டிகள்! சீப்பு, குழந்தைச் சட்டை, குடும்பப் போட்டோ. அவர்கள் முழுப் பெயரை அந்த மாகாணம் வெளியிடவில்லை. அங்கே புதைக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லில் பெயர் கிடையாது, எண்தான். ரகசியம் காப்பது நல்லதுதான். ஆனால் நூறு வருஷத்துக்குப் பிறகும் பெயரைச் சொல்லக் கூடாது என்றால், அது யாருடைய மானத்தைக் காக்க என்று எனக்குப் புரிவதில்லை.

'நம் ஊரில் இப்படித் தேட முடியுமா மாமி?' என்று யாராவது கேட்பீர்கள். சென்னையில் 1794-லேயே வாலன்டைன் கானலி என்ற டாக்டர் ஒரு விடுதி வைத்து நடத்தினார். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1871-ல் திறந்தது. 1922-ல் அரசாங்க மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. சென்னை ராஜதானியில் வால்டேரிலும் கள்ளிக்கோட்டையிலும்கூட ஆஸ்பத்திரிகள் இருந்தன. இவற்றின் பழைய வருஷாந்தர அறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அவற்றில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, இன்ன ஜாதி, இன்ன தொழில், இன்ன காரணம் என்று கணக்குதான் இருக்கும். நம் பாட்டி அதில் ஒரு எண். இந்தியாவில் வேலை பார்த்துப் புத்தி பேதலித்த வெள்ளைக்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பி, லண்டனில் ஈலிங் என்ற இடத்தில் 1870 முதல் 1892 வரை தனி ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள். அவர்களுடைய காகிதம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துச் சகோதரிகள் பார்க்கலாம்.

அந்தக் 'காரணம்' என்ற கட்டத்தின் லட்சணம் நம் நாட்டில்தான் நன்றாக வெளிப்பட்டது. ஆண்களில் ஏராளமானவர்களுக்குக் 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. 1893-ல் சர்க்கார் ஒரு கமிஷன் போட்டு, 1892-ல் சேர்ந்தவர்களின் கேஸ்களை ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தது. பல கேஸ்களில் கஞ்சாவுக்கு ஆதாரமே இல்லை! ஆளைப் பிடித்து வந்த போலீஸ்காரர், காரணம் தெரியாத இடத்தில் கை வந்தபடி எழுதியது, அப்படியே ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறிவிட்டது.

மற்றபடி நம் குடும்பங்களில் இந்தப் பெண்கள் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் கொண்டு வைத்தார்கள், தர்காவில் வைத்தார்கள், பின்கட்டு அறையில் வைத்தார்கள். காகிதம் கிடையாது. இருக்கிற ரிஜிஸ்தர், எண்பது தாண்டிய உங்கள் அத்தையும் பெரியம்மாவும்தான். அவர்களிடம் கேட்கும்போது 'அவளுக்குப் பைத்தியமாமே?' என்று ஆரம்பித்தால் வாயை மூடிக்கொள்வார்கள். 'சித்திப் பாட்டி என்ன சமைப்பாள்? எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை? எந்தப் பிள்ளை பிறந்த பிறகு? எத்தனை மாதத்தில் தேறினாள்?' என்று கேளுங்கள். பெயர், ஊர், வயசு, பிரசவத்துக்கு எத்தனை நாள் கழித்து, சரியானதா, திரும்ப வந்ததா. இவ்வளவையும் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது குறித்து வையுங்கள். யார் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.